எலிக்குத் தெரியும் பச்சை

தெர்மோகோல் பெட்டியில், ஜெல் ஐஸ் பொதிகளுக்கு நடுவே வந்து சேரும் அந்தக் குப்பியில் சில சொட்டுத் திரவம்தான் இருக்கும். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். அதனால் அலுமினியத் தாள் சுற்றி, உறையவிடாமல் 4 டிகிரியில் வைப்போம். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்கிற அழற்சிப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி அது. கூடவே ஒட்டிக்கொண்டு ஒரு ஒளிர்சாயம். செல்லுக்குள் அந்தப் புரதம் இருந்தால், நீல லேசர் பட்டதும் பச்சையாக மின்னும்.

ஆன்டிபாடிக்குச் சாயம் ஏற்றலாம் என்ற யோசனை ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவருக்கு 1939இல், பெர்லினில் இருந்தபோது வந்தது. வாதக் காய்ச்சலில் இதயத்தில் உண்டாகும் அழற்சி முடிச்சுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாராம். ஆக, தொடக்கமே அழற்சிதான்.

நான் நாமக்கல் பக்கம். ஆய்வகத்தில் எனக்கு எலி செல்களோடு வேலை. லீவுக்குப் போனபோது, பண்ணை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, நம்ம கோழிக்கும் இது தெரியுமா?"

"தெரியாதுங்க சித்தப்பா. இது எலிக்குன்னு செஞ்சது."

எலிப் புரதத்தின் வடிவத்தைப் பிடிக்கச் செய்தது கோழிப் புரதத்தில் ஒட்டாது. அதைவிட வேடிக்கை, கோழிக்கு டிஎன்எஃப்-ஆல்ஃபாவே கிடையாதோ என்று ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. 2004இல் கோழியின் மரபணுத் தொகுதி வெளியானபோதும் அந்த மரபணு சிக்கவில்லை. ஜி, சி எழுத்துகள் நெருக்கியடித்துக் கிடக்கும் பகுதி. கருவிகளால் சரியாக வாசிக்க முடியவில்லை. 2018இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை நம்மூர்க் கோழிகள் காய்ச்சலில் கிடக்காமலா இருந்தன?

இத்தனைக்கும் ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது என்று காட்டிக்கொடுத்ததே கோழிதான். கழிவாய்க்கு மேலே 'பர்சா' என்று ஒரு சின்னப் பை உண்டு. ஓஹையோவில் மாணவராக இருந்த புரூஸ் கிளிக் அதை வெட்டியெடுத்த கோழிகளை, டிமதி சாங் என்ற இன்னொரு மாணவர் வகுப்பில் ஆன்டிபாடி பாடம் காட்ட வாங்கிப் போனார். பெரும்பாலானவற்றில் ஆன்டிபாடி உருவாகவே இல்லை! 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956இல் 'பவுல்ட்ரி சயின்ஸ்' வெளியிட்டது. பி செல் என்கிறோமே, அந்த 'பி' இந்தப் பர்சாதான். கோழிக்காரங்க பத்திரிகையில் வந்ததால் பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

சித்தப்பாவுக்குப் பர்சா நன்றாகத் தெரியும். அஞ்சு வாரக் குஞ்சுகள் சாக ஆரம்பித்தால், ஒன்றைச் சாக்கின் மேல் கிடத்தி அறுப்பார். பை வீங்கி, மேலே ஜெல்லி படர்ந்திருந்தால் "கம்போரோ" என்பார். அழற்சியை வெறும் கண்ணாலேயே பார்த்துவிடுகிற ஆள். ஆனால் அதற்குள் ஷெட் முழுக்கப் பரவியிருக்கும்.

ஆன்டிபாடி விற்கும் கம்பெனிகளின் பட்டியலில் மனிதனுக்கும் எலிக்கும் பக்கம் பக்கமாக வரும். கோழி என்று தேடினால் சட்டென்று சுருங்கிவிடும். அதையும் அவருக்குக் காட்டினேன்.

"முட்டை திங்கிறவனுக்கு இருக்குது, போடுறதுக்கு இல்லியா?" என்றவர், தண்ணித்தொட்டியைப் பார்க்க எழுந்து போனார்.