விண்ணிலும் கறள் பிடிக்கும்

புறக்கோட்டை வணிகர்களுக்குக் கறளைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. துறைமுகத்துக் காற்றுப் படும் இடத்தில் தகரமும் ஆணியும் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இலங்கையின் முதற் செய்மதியான 'இராவணா-1' பற்றிய பேச்சு அடிபட்ட நாட்களில், பழைய சோனகத் தெரு இரும்புக்கடை முதலாளி ஒருவர் என்னிடம் கேட்டார்: "மேலே காத்தும் இல்ல, மழையும் இல்ல. போட்ட சாமான் போட்டபடியே கிடக்கும்தானே, ஐயா?"

பத்திரிகைத் தொழிலில் நான் எதிர்கொண்ட நல்ல கேள்விகளுள் அதுவும் ஒன்று.

கிடக்காது என்பதே பதில். 400 கிலோமீற்றர் உயரத்திலும் காற்று முற்றாக ஒழிந்துவிடுவதில்லை. எஞ்சியிருப்பதிற் பெரும்பகுதி தனித்தனி ஒட்சிசன் அணுக்கள். நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் இவ்விரண்டு அணுக்களாக இணைந்தது. அங்கே சூரியனின் ஊதாக் கடந்த கதிர்கள் அந்த இணையைப் பிரித்துவிடுகின்றன. துணையிழந்த அணு எதனோடாவது சேரத் துடிக்கும். செய்மதியோ செக்கனுக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீற்றர் வேகத்தில் அதன்மேற் போய் மோதுகிறது. பிளாஸ்ரிக் படலங்கள் அரிபட்டு மெலிகின்றன. வெள்ளி கறுத்துச் செதில் செதிலாக உரிகிறது. சிலிக்கா போன்ற மெல்லிய பூச்சுத்தான் காப்பு. போதாக்குறைக்கு, சுமார் 90 நிமிடத்துக்கொரு முறை கடும் வெயிலும் கடுங்குளிரும் மாறிமாறி வந்து ஒட்டுகளைத் தளர்த்துகின்றன.

அமெரிக்கர் 1984 இல் பேருந்து அளவான ஆய்வுக்கலம் ஒன்றில் பலவகைப் பொருட்களை மேலே விட்டுவைத்தார்கள். ஓராண்டில் மீட்பதாக ஏற்பாடு. சலஞ்சர் விபத்தும் குறுக்கிட, 1990 ஜனவரியிலேதான் மீட்க முடிந்தது. முன்பக்கம் பார்த்திருந்த மெல்லிய படலங்கள் சில இருந்த இடமே தெரியவில்லை. தாமதம் விஞ்ஞானத்துக்கு இலாபமாயிற்று.

இராவணா-1 ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் நம்நாட்டுப் பொறியியலாளர் இருவர் உருவாக்கியது. எடை ஒரு கிலோ சொச்சம். அது 2019 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்டது. அதே வாரத்து ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. செய்மதியை நினைக்க யாருக்கு மனம் வரும்? ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அது வெளியே விடப்பட்டபோதுதான் பெயர் மீண்டும் காதில் விழுந்தது.

இலங்கையைப் படம்பிடிப்பதோடு, புதிய ஒட்டுப்பசை ஒன்று விண்வெளியில் தாங்குகிறதா என்று சோதிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. 'இராவணன்' என்ற பெயரைப் பற்றிப் பேசிய அளவிற் பாதியாவது அந்தப் பசையைப் பற்றி நாம் பேசியிருக்கலாம். அரிக்கும் அதே மெல்லிய காற்றுத்தான் அதன் வேகத்தையும் சிறிது சிறிதாகக் குறைத்துக் கீழே இழுத்தது. 2021 இல் அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது.