நீளத் தெரிந்த கயிறு

ராயகிரியில் இருந்துகொண்டு நங்கூரத்தைப் பற்றி எழுதுவது விபரீதமாகத்தான் படும். மேற்கே மலை. கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய்த் தூத்துக்குடியில் இறங்க வேண்டும். பாய்மரப் படகில் நான் ஏறியதே இல்லை. ஆயினும் சில மாதங்களாகப் படகோட்டிகளின் கைநூல்களைப் படித்துவருகிறேன். கவிதையில் கட்டுப்பாடு, சுதந்திரம் என்று நம்மிடையே ஓயாமல் நடக்கும் பேச்சில் கிடைக்காத ஒரு தெளிவு அவற்றில் கிடைத்தது.

சிறு படகுகள் பலவும் இன்று நங்கூரத்தை இரும்புச் சங்கிலியில் கோத்தே இறக்குகின்றன. பாறையில் உரசினாலும் அறாது என்பது ஒரு காரணம். எடை இன்னொன்று. 10 மில்லிமீட்டர் சங்கிலி மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த எடையால் அது அணியத்திலிருந்து தொய்ந்து இறங்குகிறது. அலை படகைத் தூக்கினால் தொய்வு சற்று நிமிரும். அலை தணிந்தால் மறுபடி தொங்கும். ஆக, படகைத் தாங்குவது இரும்பின் உறுதி மட்டுமல்ல, அதன் தொய்வும்தான். இந்த வளைவின் சரியான கணிதத்தை 1691இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் தந்தார்கள்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகிறது. சங்கிலி விறைத்து ஏறக்குறைய நேர்கோடாகிவிடும். தொய்வு தீர்ந்த பிறகு இரும்பிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஒவ்வோர் அலையும் ஒரு வெட்டு. நங்கூரம் மண்ணைவிட்டுப் பெயரலாம். சங்கிலியைச் சுற்றும் பொறி தளத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். இதற்குத்தான் ஸ்னப்பர் என்கிற நைலான் கயிறு. ஒரு முனையை அணியத்தில் கட்டி, மறுமுனையைக் கொக்கியாலோ முடிச்சாலோ சங்கிலியில் பூட்டிவிட்டு, மேலும் கொஞ்சம் சங்கிலியை விடுகிறார்கள். இழுப்பு முழுதும் இப்போது கயிற்றின்மேல். பூட்டிய இடத்துக்கும் படகுக்கும் நடுவே உள்ள சங்கிலி வெறுமனே தொங்குகிறது. கயிறு அறுந்தால் அது பிடித்துக்கொள்ளும். கயிறு தடிமனாக இருந்தால் பலம் கூடும், ஆனால் போதிய அளவு நீளாது; ஆகவே அளவுக்கு மீறிய பலம் இங்கே குறை.

நைலான் 1935இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கராதர்ஸ் உண்டாக்கியது. அதற்கு முன் இந்த வேலையைத் தேங்காய் நார் செய்திருக்கிறது. நீளும், மிதக்கும் என்பதற்காகவே ஆங்கிலேயக் கப்பல்கள் நார்வடத்தை வைத்திருந்தன. நாருக்கு அவர்கள் வழங்கும் ‘காயர்’ என்ற சொல்லே மலையாளத்துக் கயறு; நம் கயிற்றின் உடன்பிறப்பு.

யாப்பில் தளை என்றால் விலங்கு. 1959இல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து தளையை உடைப்பதைப் பற்றியே நாம் அதிகம் பேசியிருக்கிறோம். எதிர்த்தரப்பு அதைக் காப்பதைப் பற்றி. இரு சாராரும் அளபெடையை மறந்துவிட்டார்கள். ஓசை குறைகிற இடத்தில் இரண்டு மாத்திரை நெடில் மூன்றாக நீண்டு அதை நிறைக்கிறது. குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகி, உயிர் வந்தால் இடம்விட்டு விலகியும் போகிறது. விலங்குக்குள்ளேயே விட்டுக்கொடுக்கும் இடங்களை வைத்துத்தான் அந்தப் பழைய இலக்கணம் இத்தனை நூற்றாண்டுகள் தாங்கியிருக்கிறது. பிச்சமூர்த்தியின் வரிகளில் பழைய ஓசை கயிற்றின் பின்னால் தளர்ந்து தொங்கும் சங்கிலியாக இன்னும் காதில் விழுகிறது. பின்னால் வந்த பலரிடம் சங்கிலியும் இல்லை, நீள்வதற்குக் கயிறும் இல்லை. படகு மட்டும் இருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது யாப்பைப் பற்றிய ஒரு குறிப்பு. ஆனால் எனக்குச் சம்பளம் தருவது நகைக்கடன் மேஜை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனிலும், விதைப்புக்கு முன்னும் பெண்கள் தாலிச் சங்கிலியோடு வருகிறார்கள். வீட்டிலேயே தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார்கள். மதிப்பீட்டாளர் உரசிப் பார்க்கிறார், எடை போடுகிறார், நான் படிவம் நிரப்புகிறேன். மறுவருஷம் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்க வரும்போது, “சங்கிலி பத்திரமா இருக்குல்லா சார்?” என்பார்கள். “இருக்கும்மா” என்பேன். அது பெட்டகத்தில் இழுப்பின்றிக் கிடக்கிறது. இழுப்பு முழுதும் கழுத்துக் கயிற்றில். வியர்வை, சோப்பு, களைவெட்டும் வெயில் எல்லாம் அதற்குத்தான். வட்டியும் வராதபோது ஏல அறிவிப்பை அடித்து அனுப்புவதும் இந்தக் கைதான்.

இதை அழகாக்கிச் சொல்லிவிடக் கூடாது. நம் சிறுகதைகளில் தாங்கிக்கொள்ளும் பெண்ணுக்குப் பஞ்சமில்லை. அவள் தாங்குவதைப் பார்த்துக் கண் கலங்குவதையே கதையின் சாதனையாக விமர்சனமும் ஏற்றுக்கொள்கிறது. படகோட்டியிடம் இந்த உணர்ச்சிவசம் கிடையாது. நனைந்த நைலான் பத்து பதினைந்து சதம் பலம் இழக்கும் என்பதும், திரும்பத் திரும்ப இழுபட்டால் உள்ளே சூடேறும் என்பதும் அவனுக்குத் தெரியும். அணியத்தின் விளிம்பில் உரசும் இடத்துக்குப் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி உறை மாட்டுகிறான். விடிந்ததும் போய்த் தடவிப் பார்க்கிறான். புரி பிய்ந்திருந்தால் கயிற்றை மாற்றுகிறான். அதன் பொறுமையைப் புகழ்ந்துகொண்டு நிற்பதில்லை.

விமர்சகன் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுதான் என்று எனக்குப் படுகிறது. ‘தாங்கினாள்’ என்று ஒரு கதை முடியுமானால், எந்த இடத்தில் உரசியது, எத்தனை புரி மிச்சம், கயிற்றை மாற்ற வேண்டியவன் யார் என்று கேட்க வேண்டும். அதற்குக் கதையில் பதில் இல்லையென்றால், எழுதியவன் அவள் கழுத்தைப் பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.