பெயர் மாறினால் போதுமா?

திண்டுக்கல்லில் கடை கடையாகக் கணக்கு எழுதிக் கொடுப்பவர்களிடம் டேலி மென்பொருளில் புதுசு வந்திருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "பழைய டேட்டா திறக்குதா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தபோது பெயரே மாறியது. மெனுவும் மாறியது. அதற்கு முந்தைய ஈ.ஆர்.பி 9-இல் விரல் பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 அப்படியே இருந்தன. பழைய கணக்கும் சிக்கலில்லாமல் திறந்தது.

2017-இல் நடந்ததோ நேர் தலைகீழ். ஜூலை 1 அன்று அமலான ஜிஎஸ்டிக்காக வந்த பதிப்புக்கும் பெயர் ஈ.ஆர்.பி 9 தான். உள்ளே 'ரிலீஸ் 6' என்று மட்டும் இருக்கும். வாட் போய், உள்ளூர் பில்லில் மத்திய வரி, மாநில வரி என இரண்டு வந்தன. பூட்டுக் கடைக்காரர் சரக்குப் பட்டியலையே திருத்த வேண்டியதாயிற்று. சின்ன வெங்காயத்துக்கு வரியே கிடையாது என்பதால் வெங்காய மண்டியில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

 

எடிட் லாக் இன்னும் சுவாரசியம். யார், எப்போது, எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் நிற்கும் மென்பொருளைத்தான் கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். டேலி இதற்கென்றே தனிப் பதிப்பு விட்டது. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வேடசந்தூர்ப் பக்கம் பிரைவேட் லிமிடெட்டாக நடக்கும் ஒரு நூற்பாலையில் பழைய வவுச்சரைத் திறந்து சத்தமில்லாமல் தொகையை மாற்றுவது இனி நடக்காது; மாற்றினால் ஆடிட்டர் கண்ணில் படும். கூட்டு வியாபாரமாக நடக்கும் தோல் கடைக்கு அந்த விதியே இல்லை.

அதனால் அறிவிப்பைப் படித்து யாரும் முடிவு செய்வதில்லை. டேட்டா ஃபோல்டரை நகலெடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் புதுப் பதிப்பில் திறக்கிறார்கள். ட்ரயல் பேலன்ஸை எடுத்துப் பழைய பிரிண்டோடு பைசா வரை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒரு பில் அடித்து, காசு கொடுத்து எழுதி வாங்கிய வடிவம் குலையாமல் வருகிறதா என்றும் பார்க்கிறார்கள்.

பிரைம் 3.0 பெரிய விஷயம் என்பது இங்கேதான் தெரிந்தது. டேட்டாவை மைக்ரேட் செய்யச் சொன்னது. செய்துவிட்டால் அது பழைய பதிப்பில் திறக்காது. கேரளத்திலும் கிளை வைத்திருப்பவருக்கு ஒரே கம்பெனிக்குள் இரண்டு ஜிஎஸ்டி எண் வைத்துக்கொள்ளலாம் என்ற லாபம் உண்டு. இருந்தாலும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்ற இரண்டு ரிட்டர்னும் போய்ச் சேரும்வரை, விவரம் தெரிந்தவர்கள் அதில் கை வைப்பதில்லை.