பிஜ்லியின் வலது கால்

ஜனவரிப் பனி விலகி மைதானத்தில் வெயில் விழ பதினொரு மணி ஆகிவிட்டது. லூதியானா மாவட்டத்தில் ஒரு கிராமம். மோட்டார் சுழன்று கயிற்றை இழுக்க, நுனியில் கட்டிய துணி முயல் தரையோடு பறந்தது. பின்னால் ஆறு கிரேஹவுண்ட் நாய்கள். அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் ஓட்டம். முதலில் வந்த பிஜ்லி, எல்லைக்கோட்டைத் தாண்டி நின்றுவிட்ட முயலின் மேல் பாய்வதற்காகச் சட்டென்று திரும்பியது. அடுத்த கணம் மூன்று கால்களில் நொண்டியபடி எஜமானரிடம் வந்தது. வலது பின்னங்கால் தொங்கியது.

பஞ்சாப் கிராமங்களில் குளிர்காலம் என்றால் நாய்ப் பந்தயமும் உண்டு. 1933இல் தொடங்கிய கிலா ராய்ப்பூர் கிராமிய விளையாட்டுகளிலும் அதற்கு இடம் இருந்திருக்கிறது. வென்ற நாய்க்கு மாலை விழும். தோற்ற நாய்க்கு அடுத்த பந்தயம் இருக்கிறது. கால் முறிந்த நாய்க்கு?

யோசனைகளுக்குக் குறைவில்லை. ஒருவர் கடுகு எண்ணெயும் மஞ்சளும் கொண்டு வந்து நன்றாகத் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர் காய்ச்சிய இரும்பால் சூடு போடலாம் என்றார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, கால்வாய்க் கரையில் விட்டுவிடச் சொன்னார். ஐம்பத்தெட்டு வயது கோதுமை விவசாயியான எஜமானர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அன்றிரவு தன் மூட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குக் கொடுக்கப் போனபோது மருமகள் தடுத்துவிட்டார். நல்லவேளை. மனிதர்களுக்கான வலி மாத்திரைகளில் பல, நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

மறுநாள் காலை லூதியானாவில் குரு அங்கத் தேவ் கால்நடைப் பல்கலைக்கழக மருத்துவமனை. நாயின் கணுக்கால் மூட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். அதன் நடுவே உள்ள சிறிய எலும்பு இரண்டாகப் பிளந்திருப்பதை எக்ஸ்ரே காட்டியது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வட்டத் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பி ஓடும் நாய்களுக்கு, வலது பின்னங்காலில் அடிக்கடி முறிவது இதே எலும்புதான். திருகாணி போட்டு இறுக்க வேண்டும். மயக்க மருந்திலும் கவனம் தேவை. கிரேஹவுண்டின் உடம்பில் கொழுப்பே கிடையாது என்று சொல்லலாம். தயோபென்டோன் போன்ற சில மருந்துகளின் மயக்கம் அதற்கு எளிதில் தெளியாது.

“நடக்கும் என்று என்னால் சொல்ல முடியும், சர்தார்ஜி. ஓடும் என்று சொல்ல முடியாது” என்றார் அந்தப் பெண் டாக்டர்.

“நடக்கட்டும், டாக்டர் சாகிப்” என்றார் அவர். பக்கத்தில் நின்ற மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிஜ்லியைப் பழக்கியவன் அவன்.

ஆபரேஷன் ஒரு மணி நேரச் சமாச்சாரம். உண்மையான வைத்தியம் வீட்டில்தான் ஆரம்பித்தது. ஓடுவதற்கென்றே பிறந்த பிராணியை எட்டு வாரம் ஓடாமல் வைத்திருக்க வேண்டும். கட்டைப் பல்லால் பிய்க்காமல் இருக்க, பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினார்கள். வெளியே போகும்போது கட்டு நனையாமல் பாலிதீன் பை. தினமும் விரல்கள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, கட்டை முகர்ந்தும் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் வாடை வந்தது. கட்டின் விளிம்பில் புண். மீண்டும் லூதியானா பயணம்.

மார்ச்சில் எலும்பு கூடியிருந்தது. ஆனால் தொடை சூம்பிப் போயிருந்தது. தையற்காரர் டேப்பால் அளந்தால் இடது தொடையைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவு. விதைக் கம்பெனி காலண்டரின் பின்புறம் வாரந்தோறும் இரண்டு எண்கள் ஏறின. முதலில் ஐந்து நிமிஷ நடை, அதுவும் வாரைப் பிடித்தபடி மெதுவாக. வேகமாகப் போனால் நாய் வலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு மற்ற மூன்றில் சமாளித்துவிடும். மெதுவாக நடந்தால்தான் நான்கையும் ஊன்றும். தினமும் நடக்கச் சொல்லித் தன் டாக்டர் பல வருஷங்களாகக் கெஞ்சியும் கேட்காத மனிதர், இப்போது காலையும் மாலையும் நடந்தார்.

காயம் ஆறியபின் பம்ப்செட் தொட்டி. வயிறு வரை தண்ணீர் இருந்தால் காலில் விழும் எடை குறையும், தசைக்கு வேலை கூடும். பெரிய நகரங்களின் மருத்துவமனைகளில் இதற்காகத் தண்ணீருக்குள் ஓடும் பட்டை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இங்கே விவசாயி பைஜாமாவைச் சுருட்டிக்கொண்டு தானும் உள்ளே இறங்கினார்.

ஏப்ரலில், அறுவடையின்போது கோதுமைக்குள்ளிருந்து ஒரு முயல் கிளம்பியது. வார் கையிலிருந்து நழுவியது. வயலின் மறுகோடி வரை பிஜ்லி ஓடியது, நான்கு கால்களில். “ஓடுது பாபுஜி, ஓடுது!” என்று மகன் கத்தினான். மாலையில் மூட்டு வீங்கிவிட்டது. ஐஸ் ஒத்தடம், பிறகு மறுபடி ஐந்து நிமிஷத்திலிருந்து கணக்கு. அந்த வாரம் தந்தையும் மகனும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பரில் இரண்டு தொடைக்கும் வித்தியாசம் அரை சென்டிமீட்டர். பந்தயம் விடலாமா என்று மகன் டாக்டரிடமே கேட்டான். எலும்பு நன்றாக இருக்கிறது, அந்த மூட்டு மறுபடி அந்த வேகத்தைத் தாங்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றார் அவர்.

ஜனவரியில் அதே மைதானம். பிஜ்லியும் வந்திருந்தது, வேடிக்கை பார்க்க. மோட்டார் சத்தம் கேட்டதும் அதன் உடம்பு முழுவதும் நடுங்கியது. மைக்கில் பெயர் கொடுக்கச் சொல்லி அழைத்தார்கள். மகன் தந்தையைப் பார்த்தான். அவர் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கால்வாய்ப் பாதையில் திரும்பி நடந்தார். வீட்டுக்கு இருபது நிமிஷ நடை, மெதுவாக. கொஞ்ச தூரம் தள்ளி மகனும் வந்தான்.

வாசலில் உட்கார்ந்து, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி புறங்கையால் இரண்டு மூட்டுகளையும் தொட்டுப் பார்த்தார். சூடு ஒரே மாதிரிதான் இருந்தது.