தொலைந்த திறவுகோல்

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம். எழுத்துகளால் ஆன சாவி தொலைந்தால் என் செய்வது? 2016-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்திற்கு இந்தச் சோதனை வந்தது.

2011-இல் மூத்த மகள் கல்லூரியில் சேர்ந்தபொழுது, சேமிப்பிலிருந்து ஒரு கணிப்பொறி வாங்கினோம். அதனை இயக்கும் விண்டோஸ் 7 மென்பொருளையும் உரிய விலை கொடுத்தே பெற்றோம். ஆங்கில எழுத்தும் எண்ணுமாக 25 குறிகள், ஐந்தைந்தாகப் பிரித்து அச்சிட்ட சீட்டொன்றைப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய கடைக்காரர், "இதுதான் உரிமத்தின் திறவுகோல், பத்திரம்" என்றார். தலையசைத்தேன்; எழுதிவைக்கவில்லை. வாரந்தோறும் ஈரத்துணியால் பெட்டியைத் துடைப்பது மட்டும் என் வழக்கமாயிற்று.

ஒருநாள் காலை கணிப்பொறி இயங்க மறுத்தது. வன்தட்டு நலிந்துவிட்டதென்றும், புதியது பொருத்தி விண்டோஸை மீண்டும் பதியவேண்டுமென்றும் பழுது பார்க்க வந்த இளைஞர் கூறினார். திறவுகோலைத் தேடினால், சீட்டில் மூன்று இடங்களில் மை அடியோடு அழிந்திருந்தது. என் துணியின் வேலை!

"கவலை எதற்கு ஐயா? திறவுகோலே தேவைப்படாத பிரதி என்னிடம் இருக்கிறது. அரைமணியில் முடித்துவிடலாம்" என்றார் அவர்.

விலை கொடுத்தவன்தானே, இதில் குற்றமென்ன என்று மனம் வாதாடியது. ஆகட்டும் என்று சொல்ல வாய் திறந்தேன். அருகில் இளைய மகன் நின்றிருந்தான். தேர்வில் அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதியதற்காக முந்திய மாதந்தான் அவனைக் கடுமையாகக் கண்டித்திருந்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. என் முகத்தையே பார்த்தான்.

"நாளைக்கு வாருங்கள், தம்பி" என்று இளைஞரை அனுப்பிவைத்தேன்.

அன்று மாலை தந்தையும் மகனும் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அமர்ந்தோம். இத்தகைய திறவுகோலில் 24 குறிகளே பயன்படுகின்றன என்று படித்தறிந்தோம். ஆங்கில உயிரெழுத்துகள் இல்லை. மயக்கம் தரும் பூச்சியமும் ஒன்றும் இல்லை. ஆயினும் மூன்று இடங்களை ஊகத்தால் நிரப்புவதெனில் 13,824 வழிகள் என்று மகன் பெருக்கிச் சொன்னான்.

வெளியூரிலிருந்த மகள் தொலைபேசியில் வழி காட்டினாள். திறவுகோல் சீட்டில் மட்டுமன்று, வன்தட்டிலுள்ள விண்டோஸ் பதிவேட்டிலும் மறைகுறியாகப் பதிந்திருக்கும். அதனைப் படித்துக் காட்டும் சிறு நிரல்கள் உண்டு என்றாள். நலிந்த வன்தட்டைக் கழற்றி, உறவினர் வீட்டுக் கணிப்பொறியில் இணைத்தோம். இருமுறை அது வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை 25 குறிகளும் திரையில் வரிசையாகத் தோன்றின! சீட்டில் எஞ்சியிருந்த 22-உம் அவற்றோடு அப்படியே பொருந்தின. மகன் ஒவ்வொன்றாக வாசித்துத் தாளில் எழுதிக்கொண்டான்.

மறுநாள் அவ்விளைஞரே வந்து வேலையை முடித்தார். நாங்கள் கண்ட வழியைக் கேட்டுத் தம் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டார்.

காலம் மாறிவிட்டது. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியில் நின்றுபோயிற்று. 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல், மென்பொருளோடு விற்கப்படும் கணிப்பொறிகளில் பெரும்பாலும் திறவுகோல் தாய்ப்பலகையிலேயே பதிந்து வருகிறது. தனியே வாங்குவோர் பற்றுச்சீட்டையும், திறவுகோல் வந்த மின்னஞ்சலையும் காத்துவைத்தல் நலம். விலை கொடுக்க இயலாதவர்க்கு லினக்ஸ் என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது, அதுவும் நேர்வழியே.

பெற்றோரே, பிள்ளைகள் நம் அறிவுரையைக் கேட்பதைவிட நம் முகத்தைப் பார்ப்பதே மிகுதி. அன்று என் மகன் பார்க்காதிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நான் அறிவேன்.

அந்தத் தாள் இன்றும் எங்கள் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. அதிலுள்ள எழுத்துகளால் இப்போது எங்களுக்குப் பயனொன்றுமில்லை. ஆயினும் எடுத்தெறிய மனம் வரவில்லை.