தூதனைச் சோதித்தல்

ஆட்சிக்குத் தூதன் எத்துணை இன்றியமையாதவன் என்பதை, வள்ளுவர் தூதுக்கெனத் தனியோர் அதிகாரம் வகுத்தமையால் அறிகின்றோம். கணினியின் பணிசெயல் முறைமைக்குள்ளும் தூதர் உளர். கோப்பொன்று மாறியது, குறித்த நேரம் வந்தது, வலையமைப்பின் வழியே தரவு வந்து சேர்ந்தது என்பனவற்றைச் செய்நிரல்களுக்கு அறிவித்தலே அவர்தம் தொழில். இவ்வறிவித்தல் இல்லையெனின், ஒவ்வொரு செய்நிரலும் கணந்தோறும் தானே சென்று பார்த்தல் வேண்டும். தபாற்காரனை எதிர்பார்த்துப் படலைக்கும் திண்ணைக்குமாக நடந்துகொண்டிருப்பவன் வேறு வேலை செய்வது எப்போது?

இத்தகைய புதிய தூதனைப் பணியில் அமர்த்துமுன் எங்ஙனம் சோதிப்பது என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். பலரும் அவனது வேகத்தையே அளப்பர். அவன் கொணர்ந்த செய்திகளை எண்ணுவதினும், கொணராது விட்டவற்றைத் தேடுவதே உண்மையான சோதனை என்பது எமது துணிபு.

லினக்ஸ் முறைமையில் முன்னிருந்த தூதன், ஒரு கோப்புறையில் ஏதோ மாறியது என்று மட்டுமே சொல்வான். எந்தக் கோப்பு மாறியதென்று சொல்லான். அக்குறையைத் தீர்க்க ஜோன் மக்கச்சன், ரொபேட் லவ் என்போர் ஆக்கிய 'ஐநோற்றிபை' என்னும் ஏற்பாடு 2005ஆம் ஆண்டு ஓகஸ்டில் 2.6.13ஆம் பதிப்பில் இடம்பெற்றது. சிறந்த ஏற்பாடே. ஆயினும், "ஒருமுறை மட்டும் அறிவித்து ஓய்க" என்று கட்டளையிடுதற்கு அமைத்த குறி, 2006 மார்ச்சில் 2.6.16ஆம் பதிப்பு வெளிவரும்வரை வேலைசெய்யவேயில்லை. மேலும், ஒரே செய்தி அடுத்தடுத்து வரின் அவற்றை ஒன்றாக்குதல் வேண்டுமென்பது ஏற்பாடு. புதிய செய்தியை அதற்கு முந்திய செய்தியோடு ஒப்பிடுதற்குப் பதிலாக, வரிசையின் தலையில் நின்ற மிகப் பழைய செய்தியோடு ஒப்பிட்டது அம்முறைமை. இப்பிழை 2008இல் வெளிவந்த 2.6.25ஆம் பதிப்பிலேயே நீங்கிற்று. முற்கூறிய குறியின் பழுதைக் காண்பதற்குச் சில வரிச் செய்நிரல் ஒன்றே போதுமாயிருந்தது. எழுதுவாரில்லாமையே குறை.

எழுதுவார் ஒருவர் இருப்பின் யாது நிகழும் என்பதற்கும் சான்றுண்டு. நேரம் வந்ததை அறிவிக்கும் 'ரைமர்எவ்டி' என்னும் ஏற்பாடு 2007 யூலையில் 2.6.22ஆம் பதிப்பில் வெளிவந்தது. லினக்ஸின் கைந்நூற் பக்கங்களைப் பேணிவந்த மைக்கேல் கெரிஸ்க் என்பார் அதனை ஆராய்ந்து, அடுத்த அறிவிப்புக்கு இன்னும் எவ்வளவு நேரம் உண்டென்று கேட்டறிய வழியில்லை என்றும், அமைப்பை மாற்றுங்கால் முன்னைய அமைப்பைத் திரும்பப்பெற இயலாதென்றும் எடுத்துரைத்தார். அதன் பயனாக அடுத்த பதிப்பில் அவ்வேற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. திருத்திய வடிவில் 2.6.25இல் மீண்டது. பிறர்க்கு விளக்க முற்படுபவர்க்கே ஒரு பொருளின் குறை தெளிவாகப் புலனாகும் என்பதை ஆசிரியத் தொழில் புரிந்தோர் நன்கறிவர்.

யாமும் மாணவர் சிலரைத் துணைக்கொண்டு ஐநோற்றிபையைச் சோதித்துப் பார்த்தோம். செய்தியைப் பெறுஞ் செய்நிரலை உறங்கவைத்து, ஒரு கோப்புறையில் 20,000 கோப்புகளை உண்டாக்கினோம். வழக்கமான அமைப்பில் வரிசை கொள்ளுவது 16,384 செய்திகளே. அவை வந்தன; பின்னர் "வரிசை நிரம்பி வழிந்தது" என்ற ஓரறிவிப்பு வந்தது; எஞ்சிய 3,616 வாரா. ஒரே கோப்பில் இடைவிடாது மும்முறை எழுதினோம். செய்தி ஒன்றே கிடைத்தது. புதிதாய் ஓர் உட்கோப்புறை அமைத்து, அதற்குக் காவல் வைக்குமுன்னரே அதனுள் ஒரு கோப்பை இட்டோம். அதுபற்றி யாதொரு செய்தியுமில்லை. இவை மூன்றும் பிழைகளல்ல; அத்தூதனது எல்லைகள். அவ்வெல்லையை அறியாது, "செய்தி வரவில்லை, ஆகவே ஒன்றும் நிகழவில்லை" என்று கொள்வோன், தன் சேமிப்புப் பிரதியில் கோப்புகள் குறைந்திருப்பதை இடர் வந்த நாளிலேயே காண்பான்.

இச்சோதனைகள் ஏற்பாடு வெளிவருமுன் நிகழ்தல் வேண்டும். வெளிவந்தபின் எண்ணிறந்த செய்நிரல்கள் அதனை நம்பி எழுதப்படும். அவற்றைக் கெடுக்காமல் வாய்பாட்டை மாற்றுதல் அரிது. ரைமர்எவ்டியைத் திருத்த முடிந்தது, குறை விரைவில் வெளிப்பட்டமையாலேயே.

கணினித் துறையை நாடும் எம் இளைஞர் புதியன ஆக்குவதையே பெருமையெனக் கருதுகின்றனர். பிறர் ஆக்கியதைப் பொறுமையுடன் உரைத்துப் பார்ப்பதும் அதற்கிணையான தொண்டாகும். உரைகல்லின்றிப் பொன்னின் மாற்று அறியப்படுவதில்லை. இக்கல்லூரி ஆக்குவோரோடு ஆராய்வோரையும் பெருக ஈன்றெடுக்க இறைவன் திருவருள் துணைசெய்வதாக.