கவனத்துடன் கையாள்க

இன்னிசை உள்ளத்தைக் கவர்தற்கு உரத்த ஒலி வேண்டுவதில்லை. இவ்வுண்மையை யாம் உணர்ந்தது, விடுதி அறையில் ஒரு மாலைப்பொழுது ‘ஹேண்டில் வித் கேர்’ என்னும் ஆங்கில ராக் பாட்டைக் கேட்ட ஞான்றாகும். அஞ்ஞான்று எம் மனம் அமைதியுற்றிருக்கவில்லை. ஆண்டுவிழாப் பாடற்குழுவில் முதற்குரல் எமக்கே உரியதென்று நண்பரொருவரோடு வழக்கிட்டுக் குழுவை விட்டே விலகியிருந்தோம்.

அப்பாட்டுப் பிறந்த வரலாறு இனியது. 1988ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஹாரிசன், தம் இசைத்தட்டொன்றின் பின்பக்கத்தை நிரப்ப ஒரு பாட்டு வேண்டினார். ஜெஃப் லின்னும் ராய் ஆர்பிசனும் துணைவர இசைந்தனர். பாப் டிலன், மாலிபுவில் உள்ள தம் இல்லத்து மோட்டார்க் கொட்டகையை ஒலிப்பதிவுக்கு உதவினார். டாம் பெட்டியின் வீட்டிலிருந்த தம் கிட்டாரை எடுக்கச் சென்ற ஹாரிசன், அவரையும் உடன் அழைத்து வந்தார். பாட்டின் பெயர் யாதென்ற வினா எழுந்தபோது, கொட்டகையிற் கிடந்த பெட்டியொன்றின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையே பெயராயிற்று என்பர். ‘கவனத்துடன் கையாள்க’ என்பதே அதன் பொருள்.

வாழ்வில் அடிபட்ட ஒருவன், தன் தழும்புகளை எண்ணிக்காட்டி அன்பை வேண்டுவதே பாட்டின் கருத்து. ஆயினும் அதில் அழுகையில்லை, புன்முறுவலே உண்டு. கிட்டார்கள் விரைவின்றி, நண்பர் கூடி நடத்தல்போல் ஒலிக்கின்றன. ஹாரிசன் இயல்பான குரலிற் பாடிவந்து, இடையே விலகி வழிவிடுகிறார். ஆர்பிசனின் உயர்ந்த குரல் எழுகின்றது. அத்தனிமைப் பகுதி அவர்க்கெனவே ஹாரிசன் அமைத்தது. பின்னர் டிலனும் பெட்டியும் சேர்ந்து பாடுகின்றனர். இறுதியில் ஹார்மோனிகா இழைகின்றது.

பின்பக்கத்தில் ஒதுக்கத் தகாத பாட்டு இஃதென இசைத்தட்டு நிறுவனத்தார் கருதினர். அதனால் ஐவரும் கூடி ஒரு முழுத் தொகுதியே இயற்றினர். அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த அதன்கண் தம் புகழ்பெற்ற பெயர்களை மறைத்து, ‘டிராவலிங் வில்பரிஸ்’ என்னும் குழுவின் உடன்பிறந்தாராகப் புனைபெயர் பூண்டனர். டிசம்பர் 6ஆம் நாள் ஆர்பிசன் தம் 52ஆம் வயதில் மறைந்தார். அன்று ஹாரிசன் விட்டுக்கொடுத்த இடத்தில் அக்குரல் இன்றும் ஒலிக்கின்றது.

தம் பாட்டின் மிகச் சிறந்த பகுதியைப் பிறர்க்கு ஈந்தவரை எண்ணியபோது யாம் நாணினோம். அன்றிரவே நண்பரது அறைக்கதவைத் தட்டி, “இரண்டாங்குரலில் இடமுண்டோ?” என வினவினோம். “உண்டு, நாளை மாலை ஐந்து மணிக்கு வாரும்” என்றார் அவர்.